விசாரத்திலிருந்து நிதானத்திற்கு: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் நம்பிக்கை உறுதி

முன்னுரை

எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறும் காப்பியம். ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய பயணியின் கதையைத் தழுவியது. ஐந்து பருவங்களைக் கொண்டது. இடையிடையே அமைந்த 144 தேவாரப் பாடல்களையும் சேர்த்து 3766 பாடல்களால் ஆனது. ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படுபவர். மாணவர் பலர் இக்காப்பியத்தைப் பற்றி அறிந்து வைத்திருப்பவை இவ்வளவே. இவை யாவும் உண்மையே. ஆயினும், இக்காப்பியம் எதைப் பற்றியது என்னும் வினாவிற்கு இவற்றுள் எதுவும் விடையாவதில்லை.

சமய நம்பிக்கை கொண்ட ஒருவன் அந்நம்பிக்கையில் நாள்தோறும் நிலைத்து நிற்பது எங்ஙனம்? அந்நம்பிக்கை அவனது குணமாக மாறுவது எப்போது? இவ்வினாக்களே இக்காப்பியத்தின் உயிர்நிலை என்பது நம் கருத்து. அதனை நிறுவுவதும், இவ்வினாக்களைக் காப்பிய வடிவம் எந்த அளவிற்குத் தாங்கியது, எந்த இடத்தில் தாங்கவில்லை என்பதை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஆசிரியரும் காப்பியமும்

கிருட்டிணபிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்திலும் வைணவ நூல்களிலும் இளமையிலேயே பயிற்சி பெற்றவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் கிறித்தவத்தோடு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களை ஏற்றார். அதன்பின் ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1900இல் மறைந்தார்.

அவரது வாழ்வில் சமய மாற்றம் என்பது ஒரு நாள் நிகழ்ச்சி. அம்மாற்றத்தில் நிலைத்து நிற்பதோ நாற்பதாண்டு உழைப்பு. இவ்வேறுபாட்டை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். இரட்சணிய யாத்திரிகம் மாற்றத்தின் சூட்டில் எழுந்த நூலன்று. திருமுழுக்கிற்கு இருபது ஆண்டுகட்குப் பின்னர், நற்போதகம் என்னும் திங்களிதழில் நெடுங்காலம் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது. திங்கள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்த காப்பியம், வழிநடையில் சிறிது சிறிதாக வளரும் ஒருவனைப் பாடுபொருளாகக் கொண்டது பொருத்தமே.

மூல நூலாசிரியரின் வாழ்வும் இங்குக் கருதத்தக்கது. பன்யன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகருக்கு அருகில் 1628இல் பிறந்தவர். பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் எளிய தொழிலாளர். இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். இனி உரையாற்றுவதில்லை என உறுதியளித்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அவர் அவ்வுறுதியை அளிக்கவில்லை. பார்வையற்ற மகளைப் பிரிந்திருந்த துயரத்தை அவர் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். 1678இல் வெளிவந்த அவரது பயணக் கதைக்குப் பின்னால் இவ்வாறான உறுதியும் வலியும் உள்ளன. மதம் மாறிய வைணவப் புலவரும் சிறைப்பட்ட ஆங்கிலத் தொழிலாளரும் சந்திக்கும் இடம் இதுவே.

பெயர்களில் புலப்படும் நோக்கு

உருவகக் கதையில் பெயரே பாத்திரத்தின் இயல்பாகும். ஆதலின், பெயர்களை மொழிபெயர்ப்பது கருத்தை மொழிபெயர்ப்பதாகிறது. கிருட்டிணபிள்ளை தேர்ந்த இரு பெயர்களை ஈண்டு நோக்குவோம்.

காப்பியத்தின் பயணி 'ஆன்ம விசாரி' எனப்படுகிறான். பன்யனின் பயணிக்குச் சமயப் பெயரே இயற்பெயராக அமைந்திருக்க, தமிழில் அவன் செய்யும் செயலால் பெயர் பெறுகிறான். 'விசாரம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஆராய்தல் என்பது ஒன்று. கவலை என்பது மற்றொன்று. தன் ஆன்மாவைக் குறித்து ஆராய்பவனும், அதைக் குறித்துக் கவலையுற்றவனும் இப்பெயருள் ஒருங்கே அடங்குகின்றனர். முதுகில் சுமையோடும் கையில் நூலோடும் அழுது நிற்கும் ஒருவனைக் காட்டித் தொடங்கும் மூலக் கதைக்கு இதனினும் பொருத்தமான பெயரைக் காண்பது அரிது. நூலை வாசித்தல் ஆராய்ச்சி. சுமையை உணர்தல் கவலை.

வழியில் அவனோடு சேரும் தோழனின் பெயர் 'நிதானி'. மூலத்தில் இவன் பெயர் நம்பிக்கைக்குரியவன், உண்மையுள்ளவன் எனப் பொருள்படும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'விசுவாசி' என்னும் சொல் ஆயத்தமாக இருந்தது. ஆயினும் புலவர் அதனைக் கொள்ளவில்லை. 'நிதானம்' என்பது அவசரமின்மை, தடுமாறாமை, ஆய்ந்து அமைந்த உறுதி ஆகிய பொருள்களைத் தருவது. வண்டி ஓட்டுபவனுக்கும் வழக்குத் தீர்ப்பவனுக்கும் சமையல் செய்பவளுக்கும் வேண்டப்படும் பண்பு அது. விசுவாசம் ஒருவன் கொண்டிருக்கும் கொள்கையைக் குறிக்கலாம். நிதானமோ அவன் நடக்கும் விதத்தைக் குறிக்கிறது. நம்பிக்கையை நடத்தையின் சொல்லால் பெயரிட்டது கிருட்டிணபிள்ளையின் நுண்ணிய தேர்வு எனலாம்.

இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், காப்பியத்தின் போக்குப் புலனாகிறது. விசாரத்தில் தொடங்கியவன் நிதானத்தைத் தோழமையாகப் பெறுகிறான். கவலை உறுதியாக மாறுவதே நம்பிக்கையின் வளர்ச்சி என்பது இதன் உட்கிடை.

பருவ அமைப்பு

ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்பன இக்காப்பியத்தின் ஐந்து பிரிவுகள். கம்பரைப் பின்பற்றிய புலவர் காண்டம் என்னாது, வில்லிபாரதத்தில் வழங்கும் பருவம் என்னும் பெயரை மேற்கொண்டார். வடமொழியில் இச்சொல் கணு என்னும் பொருளது. தமிழ்ச் செவிக்கோ முதிர்ச்சியின் படிநிலையையும் உணர்த்துவது.

இவ்வைந்தின் வரிசைமுறை இரு செய்திகளைத் தருகிறது. முதலாவது, தொடக்கத்திற்கும் நிதானத்திற்கும் இடையே குமார பருவம் நிற்பது. கிறித்து பெருமானின் பாடுகளையும் மீட்புச் செயலையும் விரித்துரைக்கும் பகுதி அது. பன்யனின் கதையில் சிலுவையின் முன் சுமை கழன்று விழும் காட்சி சில வரிகளில் முடிந்துவிடும். தமிழில் அதற்குரிய பின்புலமாக ஒரு பருவமே எழுந்துள்ளது. இதனைக் கதைக்குப் புறம்பான சேர்க்கை எனக் கருதுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிதானம் தன்முயற்சியால் மட்டும் வருவதன்று, ஒருவரின் பொறையுடைமையைக் கண்டு நின்றவனுக்கே அது வாய்க்கிறது என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

மேலும், இதனால் ஒரு காப்பியச் சிக்கலும் தீர்கிறது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரற்ற தலைவனை வேண்டும். பன்யனின் பயணியோ வழுக்கி விழுபவன், உறங்கிவிடுபவன், வழி தவறுபவன். அவனைத் தன்னிகரற்றவனாக்கினால் கதை பொய்யாகும். ஆக்காவிடின் காப்பிய இலக்கணம் பிழைபடும். கிறித்து பெருமானைக் காப்பியத்தின் உண்மைத் தலைவராகக் குமார பருவத்தில் நிறுத்தியதன் வாயிலாக, ஆன்ம விசாரி எளிய மனிதனாகவே இருப்பதற்குப் புலவர் இடமளித்தார்.

இரண்டாவது செய்தி, நிதான பருவத்திற்குப் பின்னரும் ஆரணிய பருவம் இருப்பது. நிதானத்தைக் கண்டவுடன் வீடுபேறு வந்துவிடவில்லை, காடு வருகிறது. உறுதி என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று என்பதைப் பருவ வரிசையே கூறிவிடுகிறது.

சிறு வழுக்கல்களும் எழுச்சிகளும்

கிருட்டிணபிள்ளை பெரிதும் பின்பற்றும் மூலக் கதையில், பயணியின் சோதனைகள் யாவும் பெரும்போர்கள் அல்ல. அரக்கனை ஒத்த பகைவனோடு அவன் வாள்கொண்டு பொருகிறான் என்பது மெய். ஆனால் அவன் தோற்கும் இடங்கள் மிகச் சிறியவை.

மலையேறும் வழியில் இளைப்பாறுதற்கெனத் தரப்பட்ட நிழற்குடிலில் அளவு மீறி உறங்கிப்போகிறான். கையிலிருந்த சுருள் நழுவி விடுகிறது. அதைத் தேடி நடந்த வழியையே மீண்டும் நடக்கிறான். ஓய்வு பிழையன்று; ஓய்வில் மறதி புகுவதே பிழை. பிறிதோரிடத்தில், முன்னே செல்லும் தோழனை எட்டிப் பிடித்து அவனைக் கடந்தும் ஓடுகிறான். கடந்த பெருமிதத்தில் காலிடறி விழுகிறான். பின்னே வந்த தோழனே கைகொடுத்துத் தூக்குகிறான். இந்நிகழ்ச்சி நமக்குச் சிறப்பாகப் படுகிறது. பக்தியில் முந்துவதும் செருக்காகலாம் என்பதையும், விழுந்தவனைத் தூக்குவதே நிதானத்தின் முதற்பணி என்பதையும் இது ஒருங்கே காட்டுகிறது.

தோழன் மாயாபுரியில் உயிர்துறக்கிறான். விற்பதும் வாங்குவதுமே வாழ்வாகக் கொண்ட சந்தை நகரம் அது. அவர்கள் அங்கு எவரையும் தாக்கவில்லை. அங்குள்ளவற்றை விரும்பவில்லை, அவ்வளவே. விரும்பாமையே குற்றமாகிறது. பிறரோடு முரணாது, ஆயினும் பிறர்போல் ஆகாது வாழ்தல் எத்துணை அரிது என்பதை அறிந்தவர்க்கு இக்காட்சி எக்காலத்தும் புதிதே. தோழனின் உறுதியைக் கண்ட அந்நகரத்தான் ஒருவன் நம்பிக்கை என்னும் பெயரோடு பயணத்தில் இணைகிறான்.

இத்தகைய சான்றைக் கண்ணால் கண்ட பின்னரும் பயணி வழி தவறுகிறான் என்பதே மூலக் கதையின் ஆழம். பாதை கரடுமுரடாகிக் கால்கள் நோகின்றன. வேலிக்கு அப்பால் மெத்தென்ற புல்வெளி பாதையை ஒட்டியே செல்கிறது. கொலையோ களவோ அன்று, கால்நோவே அவனை வேலி தாண்டச் செய்கிறது. முடிவில் ஐயத்தின் கோட்டையில், நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் சிறையில் கிடக்கிறான். அடிபட்டுக் கிடந்த நாள்களுக்குப் பின்னர், கதவுகளைத் திறக்கும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தது என்பது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம். புதிதாக எதையும் அவன் பெறவில்லை; உள்ளதை நினைவுகூர்ந்தான். உறுதி என்பது பெரும்பகுதி நினைவேயாம்.

இதனோடு வைத்து எண்ணத்தக்கது, பொருளுரைப்பவனின் இல்லத்தில் பயணி காணும் ஓர் உருவகம். சுவரோரம் எரியும் தீயின்மீது ஒருவன் ஓயாது நீர் ஊற்றுகிறான். தீயோ மேலும் உயர்ந்து எரிகிறது. சுவரின் மறுபுறத்தே மறைவாக ஒருவர் எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். நம்பிக்கையாளனின் உறுதி அவனுடையது மட்டுமன்று என்னும் கிறித்தவக் கோட்பாட்டை இதனினும் எளிமையாகக் கூறுதல் இயலாது. குமார பருவத்தைக் காப்பியத்தின் முற்பகுதியில் அமைத்த கிருட்டிணபிள்ளையும் இக்கோட்பாட்டையே அமைப்பு வடிவில் கூறியுள்ளார் என்பது நம் துணிபு.

தேவாரப் பாடல்களின் பணி

பன்யனின் பயணி ஆங்காங்கே சில அடிகள் பாடிச் செல்வான். தமிழில் அவ்வியல்பு தேவாரப் பாடல்களாக விரிவு பெற்றுள்ளது. தாம் விட்டு வந்த மரபின் பக்தி வடிவத்தையும், சைவர் போற்றும் பெயரையும் தயக்கமின்றி எடுத்தாண்ட புலவரின் துணிவு தனி ஆய்வுக்கு உரியது. ஈண்டு அவற்றின் பணியை மட்டும் கருதுவோம்.

கதைப் பாடல்கள் படர்க்கையில் நடக்கின்றன. தேவாரமோ தன்மையில் நின்று இறைவனை முன்னிலைப்படுத்துகிறது. அங்கே ஆன்ம விசாரியின் குரலும் புலவரின் குரலும் பாடும் வாசகரின் குரலும் ஒன்றாகின்றன. காப்பியத்தைத் தொடர்ந்து படிக்க இயலாதவரும் அப்பாடல்களை நாள்வழிபாட்டில் பாட இயலும். ஒரு முறை படித்து முடிக்கும் கதை, நாள்தோறும் சொல்லும் மன்றாட்டாக மாறுவது இவற்றால்தான். குணம் பழக்கத்தால் அமைவது. பழக்கத்திற்கு மீளச் சொல்லும் சொற்கள் வேண்டும். அச்சொற்களைத் தந்தமையே இத்தேவாரத்தின் பயன்.

காப்பியம் தாங்காத இடங்கள்

மேற்கூறியவற்றால் இக்காப்பியம் குறையற்றது என நாம் கூறவில்லை. இரு குறைகள் சுட்டத்தக்கன.

முதலாவது நடை பற்றியது. பன்யனின் கதை தெருவில் பேசும் மொழியில் அமைந்தது. சேறும் வேலியும் சந்தையும் அவர் நாள்தோறும் நடந்த ஊர்ப்புறத்தவை. கிருட்டிணபிள்ளையின் நடையோ கம்பரின் ஓசையும் வடசொற் செறிவும் கொண்டது. வருணனைகளும் துதிகளும் பெருகுமிடத்துப் பயணியின் கால்கள் நின்றுவிடுகின்றன. கால்நோவு போன்ற எளிய உண்மைகள் உயர்ந்த நடையில் தம் எளிமையை இழக்கின்றன. 'கிறித்தவக் கம்பர்' என்னும் புகழ்ச்சொல் இக்குறையை மறைத்து, நடையையே நூலின் பெருமையாகக் காட்டிவிட்டது.

இரண்டாவது குறை பொருள் பற்றியது. இது மூலத்திலிருந்தே வந்தது. பயணி மனைவி மக்களை விட்டுத் தனியே புறப்படுகிறான். இல்வாழ்வானைப் பிறர்க்குத் துணையாக நிறுத்திய குறள் மரபில் வளர்ந்த வாசகர், இவன் உறுதி இல்லத்தில் சோதிக்கப்படவில்லையே என வினவுதல் இயல்பு. வெளியே புனிதனாகவும் வீட்டில் கொடியவனாகவும் வாழும் பேச்சாளன் ஒருவனைப் படைத்த பன்யனும் இவ்வினாவை உணர்ந்தவரே. 1684இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் மனைவியையும் மக்களையும் அவ்வழியே நடத்திச் சென்றார். தமிழ்க் காப்பியம் முதற்பாகத்தோடு நின்றது. ஆதலின், அடுப்பங்கரையிலும் தொட்டிலருகிலும் நம்பிக்கை எவ்வாறு குணமாகிறது என்னும் கேள்விக்கு இதில் நிறைவான விடை இல்லை.

இவ்விடைவெளியைத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் பிற நூல்கள் நிரப்புகின்றன. வீரமாமுனிவரின் தேம்பாவணி தச்சுத் தொழில் செய்த வளனைத் தலைவனாகக் கொண்டது. அங்கே இல்லமும் உழைப்பும் நடுவிடம் பெறுகின்றன. ஆயின் வளன் தொடக்கத்திலேயே நிறைவுற்றவன், வளர்பவன் அல்லன். கிருட்டிணபிள்ளைக்கு ஓராண்டு மூத்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல், 1859இல் வெளிவந்தது, பெற்றோர், கணவன் மனைவி, அலுவலர் என நாள்வாழ்வின் உறவுகள் பலவற்றையும் தொட்டுச் செல்கிறது. ஆயின் அது அறிவுரை, கதையன்று. இல்லத்தைத் தேம்பாவணியும், அறத்தின் விரிவை நீதிநூலும், வளர்ச்சியின் வலியை இரட்சணிய யாத்திரிகமும் காட்டுகின்றன. மூன்றையும் சேர்த்துப் பயில்வோர்க்கே முழுமை கிட்டும்.

கற்பித்தல் நோக்கில்

தமிழ்நாட்டில் 2019இல் அறிமுகமான பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இக்காப்பியத்தின் குமார பருவப் பகுதி இடம்பெற்றது. கிறித்து பெருமான் இகழ்ச்சியைப் பொறுத்துக்கொண்ட பகுதி அது. தேர்வு சிறந்ததே. எனினும், அப்பகுதியை மட்டும் பயிலும் மாணவர் பொறுமையின் முடிமணியைக் காண்பாரேயன்றி, அப்பொறுமையைக் கற்க முயன்று விழுந்தெழும் எளியவனைக் காண்பதில்லை. வழிபடுவதற்கு ஒருவர் கிடைக்கிறார்; உடன் நடப்பதற்கு ஒருவர் கிடைப்பதில்லை.

எச்சமயத்தைச் சார்ந்த மாணவர்க்கும் ஆன்ம விசாரி உரியவனே. எடுத்த முடிவில் நிலைப்பது எங்ஙனம், தவறிய வழியிலிருந்து மீள்வது எங்ஙனம், தோழனின் உதவியை ஏற்பது எங்ஙனம் என்பவை அனைவர்க்கும் பொதுவான வினாக்கள். சமயக் காப்பியத்தைப் பிற சமய மாணவர் நிறைந்த வகுப்பில் கற்பிக்கத் தயங்கும் ஆசிரியர், நூலின் சமயத்தை மறைத்து நடையழகை மட்டும் கூறுவதுண்டு. அவ்வாறு செய்வது நூலுக்கும் மாணவர்க்கும் நீதியன்று. நம்பிக்கையை நம்பிக்கையாகவே விளக்கி, அது ஒருவனின் நடத்தையில் என்ன செய்கிறது என்று வினவுவதே நேர்மையான வழி.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகத்தை மொழிபெயர்ப்பு என்றோ கம்பரின் எதிரொலி என்றோ மதிப்பிடுவது போதாது. ஆன்ம விசாரி, நிதானி என்னும் பெயர்களிலும், ஐந்து பருவங்களின் வரிசையிலும், இடையிட்ட தேவாரத்திலும் கவலை உறுதியாக முதிரும் வரலாறு ஒன்று அமைந்துள்ளது. அவ்வுறுதி ஒரு நாளில் பெறப்படுவதன்று. பெற்றபின் இழக்கப்படாததும் அன்று. தனியொருவனால் மட்டும் காக்கப்படுவதும் அன்று. நடையின் சுமையும் இல்லத்தின் இன்மையும் இக்காப்பியத்தின் குறைகள். அவற்றை ஒப்புக்கொண்ட பின்னரும், வழுக்கி விழுந்தவனை வீடுபேறு வரை நடத்திச் சென்றமையால் இது தமிழ்க் காப்பியங்களுள் தனியிடம் பெறுகிறது. நடையழகிற்காக இதனை அணுகிய நாம், இனி வழிநடைக்காகவும் இதனைப் பயில்வோமாக.